தவமணி சமைத்த சோறும் நீ போட்ட கையெழுத்தும்

கார்த்தி,

போன ஞாயிறு மாலை திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்க நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊருக்கு முன்னாடி என் மானத்த வாங்கிட்டம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். நான் வாயெடுப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாய். அதற்குப் பிறகு மூன்று தடவை போன் செய்தேன். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே, "அதைப் பத்தி மட்டும் பேசாதம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் நாலு வரியாவது கண்ணில் படும். இதை நீ யாரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஊரே படித்தாலும் சரி. தவமணியிடம் கேட்டுக்கொண்டுதான் அவள் பெயரை எழுதுகிறேன். "இனிமே மறைக்க என்னக்கா இருக்கு, எழுதுங்க" என்றாள்.

உன் கையெழுத்திலிருந்தே தொடங்குகிறேன். "எங்கள் ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கும் தவமணிக்கு எய்ட்ஸ் நோய் இருப்பதால், எங்கள் பிள்ளைகளின் நலன் கருதி அவரை உடனே நீக்க வேண்டும்." கீழே நாற்பத்தொரு பேர். தலைமையாசிரியர் அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கூடத்தின் அமைப்பாளர் நான்; ஊர் வாய்க்கு டீச்சர். அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறேன். இத்தனை வருடத்தில் என் கூடத்தின்மேல் வந்த முதல் மனு அது; அதில் மூன்றாவது கையெழுத்து என் மகனுடையது. மற்றதில் பாதிக்கு மேல் கைநாட்டு. திராட்சைத் தோட்டத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் விடியுமுன்னே கூலிக்குப் போகிற பெண்கள் வைத்தது. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அவர்களுக்கு அந்தத் தாளைப் படித்துக் காட்டியது நீதான் என்று கேள்விப்பட்டேன். "டிப்ளமோ படிச்ச பிள்ளை, டீச்சர் மகன், அதுவே போட்டிருக்கு" என்று சொல்லித்தான் அவர்கள் பெருவிரலை மையில் தொட்டிருக்கிறார்கள். படிக்காதவர்கள் பயந்தால் எனக்குப் புரிகிறது. நீ பயந்ததும் புரிகிறது. அந்தப் பயத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

தவமணி யாரென்று உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது அவளுடைய நோய் மட்டும். அவள் புருஷன் மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப் ஓட்டினான். விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து ஒரு வருடம் கிடந்து இறந்தான். அப்போதுதான் இவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து எங்கள் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரமே, பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபிறகு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் மேசைக்கு வந்தாள். "அக்கா, மாசம் ஒருநா தேனிக்கு மாத்திரை வாங்கப் போகணும். எங்க வீட்டுக்காரருக்கு இருந்த அதே நோவுக்குத்தான். அத நாளைக்கு வேற ஆளு சொல்லி உங்களுக்குத் தெரிஞ்சா நெஞ்சு கொதிக்கும். அதான் நானே சொல்லிட்டேன். வேற ஒருத்தருக்கும் தெரிய வேணாம்" என்றாள். என் கையைப் பிடிக்க வந்தவள், பாதியில் தன் கையை இழுத்துக்கொண்டாள். நான் அதை எட்டிப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை என் பெருமை. முதல் மூன்று மாதம் அவள் கையில் அரிவாள்மனையைக் கொடுக்கவே இல்லை. காய் நறுக்கும்போது விரல் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அரிசி களை, அடுப்பைப் பார், தண்ணீர் தூக்கு என்று ஏவிவிட்டுக் காயை நானே நறுக்கினேன். ஒருநாள் அவளே கேட்டாள்: "ஏங்க்கா, என் கைய நம்பலையா?" அன்று மத்தியானமே நான் தேனிக்கு பஸ் ஏறி, அவள் மாத்திரை வாங்கும் இடத்தில் இருந்த ஆலோசகரைப் பார்த்தேன். கொதிக்கிற சோற்றில் அந்தக் கிருமி உயிரோடு இருக்காது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் அது கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும் என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னாள். மறுநாள் அரிவாள்மனையைத் தவமணி பக்கம் தள்ளி வைத்தேன். எனக்கு அந்த ஒரு பஸ் பயணம் போதுமாக இருந்தது. உனக்கு அதுகூட வேண்டாம்; கையில் போன் இருக்கிறது, அதில் எல்லாம் இருக்கிறது. நீ தேடவில்லை.

இனி, இந்தச் செய்தி ஊருக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன். நான்தான் சொன்னேன். ஏழு வருடம் காத்துவிட்டு, ஒரு மத்தியானம் விட்டுவிட்டேன். சங்கீதா மூன்று மாதமாக இருந்தபோது சுகாதார நிலையத்துக்கு செக்கப் அழைத்துக்கொண்டு போனேன். முழுகாமல் இருக்கிற எல்லாருக்கும் எடுக்கிற டெஸ்ட்தான் எடுத்தார்கள். முதல் பிள்ளைக்கும் எடுத்திருப்பார்கள், அப்போது அவள் அட்டையைப் படிக்கவில்லை; இந்தத் தடவை எச்.ஐ.வி. டெஸ்ட் என்று எழுதியிருந்ததைப் பார்த்து உன் மனைவி வழி நெடுக அழுதாள். "என்னையப் பார்த்தா அப்படிப்பட்ட பொம்பள மாதிரியா அத்தை இருக்கு?" என்று கேட்டாள். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னேன்: "அப்படிப்பட்ட பொம்பளைன்னு யாரும் இல்லத்தா. நம்ம தவமணிக்குக் கூடத்தான் இருக்கு. அவ நல்லா இல்லையா?" நல்லதுக்காகச் சொன்னதுதான். சங்கீதா கெங்குவார்பட்டியில் இருக்கிற அவள் அம்மாவிடம் போனில் சொன்னாள். அந்த அம்மா நம் ஊரில் வாக்கப்பட்ட தன் தங்கையிடம் சொன்னாள். பத்தே நாளில் சுற்றிக்கொண்டு நம் குழாயடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. உன் மனைவியைக் கோபிக்காதே. அவள் சொன்னது அவள் அம்மாவிடம். நான் சொன்னதுதான் வாக்கு மீறியது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ திருப்பூரில் இருந்துகொண்டு பார்க்கவில்லை. குழாயில் தவமணி குடம் நிறைத்துவிட்டுப் போனால், அடுத்தவள் ஒரு செம்புத் தண்ணீரைக் குழாய்மேல் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் தன் குடத்தை வைத்தாள். பள்ளியில் முதல் நாள் பத்துப் பிள்ளைகள் தட்டெடுக்கவில்லை. மறுநாள் முப்பது. பிறகு ஒரு கூத்து நடந்தது. சோறு வேண்டாம் என்ற பிள்ளைகள் எல்லாம் முட்டைக்கு மட்டும் வரிசையில் வந்து நின்றார்கள். "டீச்சர், ஓட்டோட குடுங்க, நாங்களே உரிச்சுக்கிறோம்" என்றார்கள். வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டுக்குள்ளே நோய் போகாதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தத் தாய்மார்கள் ஐந்து மணிக்கே தோட்டத்துக்கு வண்டி ஏறுகிறவர்கள். பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்க அவர்களுக்கு நேரமும் கிடையாது, வீட்டில் பொருளும் கிடையாது. பாதிப் பிள்ளைகள் ஒரு பன்னைத் தின்றுவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பிரேயரில் மயங்கி விழுந்தது. இல்லாத நோய்க்குப் பயந்து, இருக்கிற பசியைப் பிள்ளைகள் தலையில் கட்டினார்கள். அந்த வரிசையில் உன் மகள் யாழினி நிற்கவே இல்லை. வீட்டிலிருந்து டப்பாவோடு வந்திருந்தாள். "அப்பா சொன்னாக, அப்பத்தா" என்று என்னிடம் சொன்னாள். அதற்குமேல் நான் மற்ற தாய்மார்களிடம் என்ன பேசுவது? "டீச்சர் பேத்தியே திங்கல, எங்க பிள்ளைக மட்டும் திங்கணுமாக்கும்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

அப்புறம் பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். "சட்டப்படி நிறுத்த முடியாதும்மா. ஆனா ஊர் ஒத்துக்கலைன்னா நாம என்ன செய்ய? கொஞ்ச நாள் அவங்கள வீட்டுல இருக்கச் சொல்லுங்க. சொந்த விருப்பத்துல விலகிக்கிறதா ஒரு கடுதாசி வாங்கிருங்க, பிரச்சினை இல்லாம முடிஞ்சிரும்" என்றார். யாருக்குப் பிரச்சினை இல்லாமல் என்று நான் கேட்கவில்லை. தவமணியிடம் போய், நாளையிலிருந்து வராதே என்று மட்டும் சொன்னேன். மறுநாள் சாப்பாட்டு வரிசை கதவைத் தாண்டி வெயில்வரை நின்றது. எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். பானை காலி. அந்தக் காலிப் பானையைப் பார்த்து ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கார்த்தி. அந்த நொடியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அந்தக் கடுதாசியில் கையெழுத்து வாங்கத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். பொய் சொல்ல மாட்டேன், வாங்கிவிடுவது என்றுதான் போனேன். அவள் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே நீட்டினாள்.

"சொந்த விருப்பம்னு எழுதியிருக்கு. எனக்கு அப்படி ஒரு விருப்பமும் இல்லையேக்கா" என்றாள்.

"ஊரு அப்படி இருக்கே தவமணி" என்றேன்.

"ஊருக்கு யாரு சொன்னதுன்னு எனக்கு மொத நாளே தெரியும். நான் சொன்னது உங்க ஒருத்தர்கிட்டதான். ஆஸ்பத்திரியில பார்த்த யாரோ சொல்லிட்டாகன்னு நீங்களும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சீக. நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன்."

மன்னித்துவிடு என்றேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. "மன்னிச்சேன்னு இப்பச் சொன்னா அது வாயால சொல்றதுதான். மனசுல வரலக்கா. வந்தாச் சொல்றேன்" என்றாள். பிறகு, "நான் தேனியில மனு குடுக்கப் போறேன். நீங்க வருவீகளா, மாட்டீகளா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

போனேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் இரண்டு பேரும் வரிசையில் நின்றோம். அவள் மனுவோடு என் கைப்பட ஒரு தாளும் கொடுத்தேன். இவருடைய நோய் விவரத்தை வெளியே சொன்னது நான்தான், சமையலில் இவர்மேல் எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருந்தேன். ஒருவருடைய நோயை வெளியே சொல்வதும் சட்டப்படி குற்றம்தான் என்று அங்கே இருந்த அதிகாரி என்னைப் பார்த்துச் சொன்னார். தெரியும் என்றேன். என் ஓய்வு நாளுக்கு முன் அதற்கு விளக்கம் கேட்டு ஓலை வரலாம். வரட்டும். தவமணியை உடனே வேலைக்கு எடுக்க வேண்டும் என்று எழுத்திலேயே உத்தரவு போட்டார்கள். ஊருக்கு எடுத்துச் சொல்ல சுகாதார நிலைய டாக்டரையும் அனுப்பினார்கள்.

அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததுதான் நீ மானம் போனது என்று சொல்வது. நீ அதை அடுத்தவர் வாயால் கேட்டாய். இப்போது என்னிடம் கேள். டாக்டர் சின்னப் பெண். சோற்றில் பரவாது, தொட்டால் பரவாது என்று அழகாகச் சொன்னாள். திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற வீராயி எழுந்து, "உங்க பிள்ளைக்கு இந்தச் சோத்தக் குடுப்பீகளா டாக்டரம்மா?" என்றாள். அந்தப் பெண் ஒரு தட்டை வாங்கி, கூட்டத்துக்கென்று தவமணி சமைத்திருந்த சோற்றை அவள் கையாலேயே போடச் சொல்லி, எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டாள். கூட்டத்தில் ஒரு குரல்: "அவுகளுக்கென்ன, ஊசி போட்டிருப்பாக." இந்த நோய்க்குத் தடுப்பூசியே இல்லை என்றாள் டாக்டர். "இருந்தா மட்டும் நமக்கா சொல்லுவாக?" என்றது இன்னொரு குரல். நான் எழுந்தேன். "அவளுக்குப் புருஷனால வந்தது. அவ ஒரு தப்பும் செய்யல" என்றேன். வீராயி என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப தப்புப் பண்ணி வந்துச்சுன்னா விரட்டலாம்கிறீகளா டீச்சர்?" என்றாள். குத்தலாகத்தான் கேட்டாள். ஆனால் அது என்னை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது.

உன் ராசு மாமா முன்னால் நிறுத்தியது. உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்ட என் தம்பி. நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது செத்துப்போனான். மஞ்சக்காமாலை என்று உன்னிடம் சொன்னோம், ஊரிடமும் சொன்னோம். மஞ்சக்காமாலை இல்லை, இதுதான். எப்படி வந்தது என்று அவன் சொன்னான். அதில் தப்பு இருந்தது, அதனால் அவனைத் தோட்டத்து மோட்டார் ரூமில் கட்டிலைப் போட்டுக் கிடத்தினோம். சோற்றுவாளியைக் கதவோரம் வைத்துவிட்டு வருவேன். "உள்ள வாக்கா, சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ" என்பான். "மாடு அவுந்துரும்டா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எங்களிடம் அப்போது மாடே இல்லை. அது அவனுக்கும் தெரியும். செத்தபிறகு குளிப்பாட்ட ஒருவரும் வரவில்லை. நானும் போகவில்லை. அன்றைக்கு எங்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை, மாத்திரை நம் பக்கம் வரவில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கதவைத் தாண்டிப் போய் இரண்டு வார்த்தை பேச எந்த மாத்திரை வேண்டும்?

இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன். தவமணிக்கு எப்படி வந்திருந்தாலும் எனக்குக் கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் கை தட்டவில்லை. ஒருத்தி, "டீச்சர் குடும்பத்துலயே இருந்திருக்குடி" என்று பக்கத்திலிருந்தவள் காதில் சொன்னது எனக்கே கேட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து மானத்தைப் பற்றிப் பேசினாய். செத்த மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உத்தரவுப்படி இந்தத் திங்கட்கிழமை தவமணி வந்து அடுப்பு மூட்டினாள். தக்காளி சாதம். அறுபத்து மூன்று பேருக்கு வடித்ததில் நான்கு பிள்ளைகள் சாப்பிட்டன. செவ்வாய்க்கிழமையும் நான்குதான். நேற்று ஆறு. அதில் ஒன்று வீராயியின் பேரன். வீராயி நம்பி அனுப்பினாளா, வீட்டில் ஒன்றும் இல்லாமல் அனுப்பினாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. உத்தரவு ஒருத்தியை அடுப்படிவரை கொண்டுவருகிறது. பிள்ளைகளின் தட்டை அவள்முன் நீட்ட வைக்க எந்த ஆபீசிலும் தாள் கிடையாது. மிஞ்சிய சோற்றைத் தவமணி வழித்துக் கொட்டினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவளும் நானும் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்கிறோம்.

நேற்று சாயங்காலம் சங்கீதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். யாழினிக்கு டி.சி. வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாயாம். பிரசவம் முடிந்ததும் எல்லாரையும் திருப்பூருக்கே கூட்டிக்கொண்டு போய்விடப் போகிறாயாம். போ. உன் குடும்பம், உன் இஷ்டம். தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் திருப்பூரில் நீ சாப்பிடுகிற மெஸ்ஸில் யார் சமைக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? அவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டாயா? கேட்காமல் பத்து வருடமாகத் தின்று நன்றாகத்தானே இருக்கிறாய்? தெரியாதவரைக்கும் சோறு, தெரிந்துவிட்டால் விஷமா?

டி.சி. நான் வாங்கித் தர மாட்டேன். நீயே ஒருநாள் லீவு போட்டுவிட்டு வா. தலைமையாசிரியர் ஒரு படிவம் தருவார். பள்ளியை விட்டு விலகும் காரணம் என்று அதில் ஓர் இடம் இருக்கும். குடும்பம் இடம் மாறுவதால் என்று எழுது, அவர் ஒன்றும் கேட்க மாட்டார். எழுதி முடித்ததும் அப்படியே பஸ்ஸுக்குப் போய்விடாதே. அவர் அறையிலிருந்து சமையல்கூடம் இருபது அடி. தவமணி அங்கே இருப்பாள். உண்மையான காரணத்தை அவள் முகத்தைப் பார்த்து உன் வாயால் சொல்லிவிட்டுப் போ. அதைச் சொல்ல உனக்குத் தைரியம் இருந்தால், உன் கையெழுத்தில் ஒரு நேர்மையாவது இருந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். சொல்ல முடியாமல் நீ அங்கே நின்றுவிட்டால், அவள் உன்னை ஒன்றும் கேட்க மாட்டாள். பசியோடு வந்த பிள்ளை என்று நினைத்துத் தட்டை எடுப்பாள். அப்போது என்ன செய்வாய் என்று யோசித்துக்கொண்டே வா.

கோபத்தில்தான் எழுதினேன். திரும்பப் படித்தும் பார்த்தேன். எதையும் அடிக்கத் தோன்றவில்லை.

அம்மா